ட்வீட்டருக்கு வைத்த பொட்டு

ஒனிஹங்கா, ஓக்லண்ட்
11.08.2024

அன்புள்ள மச்சான் கேதீஸ்வரனுக்கு,

நாங்கள் நலம். நீரும் கிருசாந்தியும் மருமகள் கம்சாயினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. உம்முடைய அக்கா சரோ இரண்டு சுவெட்டருக்கு மேலே என்னுடைய கோட்டையும் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறா.

ஃபோன் எடுக்காமல் ஏன் இமெயிலில் கடிதம் எழுதுகிறேன் என்று யோசிப்பீர். இப்போதெல்லாம் லைன் சரியில்லை. யார் கதைத்தாலும் வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு கதைப்பதுபோல் இருக்கிறது. கம்பெனியை மாற்றியும் பார்த்துவிட்டேன், அதே கதைதான்.

விசயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு பழைய சாமான் கடையில் ஒரு சோடி ஸ்பீக்கர் கண்டேன். மரப்பெட்டி. பின்னால் ஒட்டியிருந்த தாளில் இங்கிலாந்து, 1976 என்று இருந்தது. சோடி நாற்பது டொலர்! ஒவ்வொன்றும் அரிசி மூட்டைப் பாரம். காரின் பின் சீட்டில் ஆளுக்கொரு பெல்ட் போட்டுக் கூட்டிவந்தேன். "கலியாணம் முடிச்சு வந்த அண்டைக்கும் எனக்கு இப்பிடிப் பெல்ட் போட்டு விடேல்லை" என்று சரோ ஒரு சொல் விட்டா.

நீர் வார விடுமுறைகளில் பழைய ஸ்பீக்கர் வாங்கி விற்கிறவர். இது என்ன பெறும்? நான் அவவுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். இது விற்கிற காசு பாதி, என் சேமிப்பு பாதி. அதில் வருகிற ஆனி மாதம் கம்சாயினியின் வயலின் அரங்கேற்றத்துக்கு அக்காவை ஒஸ்லோவுக்கு அனுப்புவேன். அவ உம்மைக் கண்டு பதினொரு வருசம். நான் வரவில்லை. வயலின் கச்சேரி இப்போது எனக்கு அவ்வளவாகப் பிடிபடுவதில்லை.

எல்லோருக்கும் எங்கள் அன்பு.

அத்தான்
சோதிலிங்கம்

•

ஒஸ்லோ
14.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நாங்கள் மூவரும் நலம். போன முறை ஃபோனில் அக்கா இருமிக்கொண்டே கதைத்தா, இப்போது குறைந்துவிட்டதா?

நாற்பது டொலருக்கு வாங்கினீர்களா? எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் இப்போதே துள்ளவேண்டாம். விலையைச் சொல்லப்போவது பெரிய ஸ்பீக்கர் அல்ல, மேலே இருக்கிற ட்வீட்டர். கைத்தாளம், வயலினின் மேல் சுரம், பாடுகிறவரின் 'ஸ்', 'ச்' எல்லாம் அந்தச் சின்னக் குமிழுக்குள் இருந்துதான் வரும். பெரிய கூம்பு கிழிந்தால் ஒட்டலாம். அந்தக் காலத்து ட்வீட்டர் செத்தால் அதே மாதிரி இன்னொன்று தேடக் கடல் கடக்கவேண்டும்.

முன்னால் இருக்கும் துணிச் சட்டத்தை மெதுவாகக் கழற்றுங்கள். பெரிய ஸ்பீக்கருக்கு மேலே ஒரு நாணயமளவு குமிழ் இருக்கும். கை வைக்கவேண்டாம்! டோர்ச் அடித்துப் பாருங்கள். கடதாசி என்றால் கூம்பாக, சொரசொரவென்று இருக்கும். உலோகம் என்றால் பளபளக்கும், அநேகமாக யாராவது விரலால் அமுக்கிப் பள்ளம் விழுந்திருக்கும். பட்டுத் துணி என்றால் நெசவு தெரியும், கறுப்பாகப் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பு அழுக்கில்லை, பட்டின் மேல் பூசிய பூச்சு. துடைத்துச் சுத்தம் செய்தால் அது கொலை.

பிறகு ஒரு மல்டிமீட்டர் வாங்கி, ட்வீட்டரின் வயரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். ஐந்து, ஆறு ஓம் காட்டினால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் உயிரோடு இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே எண் காட்டவேண்டும். ஸ்குரூக்களின் தலை சிதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிதைந்திருந்தால் எவனோ முன்பே உள்ளே கை விட்டிருக்கிறான்.

அக்காவிடம் சொல்லுங்கள், ஆனி மாதம் இங்கே கோட்டுத் தேவையில்லை.

அன்புடன்
கேதீஸ்

•

ஒனிஹங்கா
25.08.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அக்காவின் இருமல் நின்றுவிட்டது, கதை நிற்கவில்லை.

நீர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் குனிந்து பார்த்தும் கடதாசியா துணியா என்று விளங்கவில்லை. சரோ வந்து எட்டிப் பார்த்தா. "இது பட்டுத்தான். இழை தெரியுது பாருங்கோ. நல்ல முறுக்கு நூல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. ஊரிலே நடந்த அத்தனை கலியாணத்துக்கும் கூறைச்சேலை தெரிந்த கண் அல்லவா!

மீட்டரில் இடது 5.7, வலது 5.8. ஸ்குரூக்களில் ஒரு கீறலும் இல்லை. துணிச் சட்டத்தின் துணிதான் இத்துப்போய்க் கையோடு வந்தது. புதுத்துணி ஒட்டுவோம் என்று கழற்றி கராஜில் வைத்திருக்கிறேன்.

பாட்டும் போட்டுப் பார்த்தேன். அடிச்சத்தம் அபாரம், மிருதங்கம் நெஞ்சில் இடிக்கிறது. மேல் சத்தம் மட்டும் கம்பளி போர்த்தின மாதிரி. பழசுதானே, வயசு போனால் அப்படித்தான்.

விலையைச் சொல்லும்.

அத்தான்

•

ஒஸ்லோ
01.09.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உங்கள் இருவரின் நலம் வேண்டும்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பட்டுக்குமிழ், கை படாத சோடி, இரண்டும் ஒரே அளவு. ஆயிரத்திருநூறு டொலருக்கு ஒரு சதம் குறைக்கவேண்டாம். ஒன்று மட்டும் என்றால் இருநூறும் தரமாட்டார்கள். சோடிக்குத்தான் மதிப்பு, உங்களையும் அக்காவையும் போல.

அவசரப்படாமல் விளம்பரம் போடுங்கள். அதுவரை யாரும் அந்தக் குமிழைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்சாயினி மாமி வருகிறா என்று இப்போதே அறையை ஒழுங்குபடுத்துகிறாள்.

அன்புடன்
கேதீஸ்

•

ஒனிஹங்கா
14.10.2024

மச்சான்,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் முறைக்குக் கேட்கிறேன், சுகம்தானே?

உம்முடைய அக்கா என்ன செய்தா தெரியுமா? சரசுவதி பூசையன்று நான் முன்பு வேலை செய்த புக்கெகோஹிக்குப் போயிருந்தேன். பழைய வேலைத்தல நண்பன் ஒருவன் ஒரு பெட்டி தோட்டத்துப் பூக்கோவா தருவதாகச் சொல்லியிருந்தான். திரும்பி வந்து பார்க்கிறேன், படத்துக்கு முன்னால் புத்தகங்கள், தையல் மெஷின், கார்த் திறப்புக் கொத்து, லப்டொப். இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக என் ஸ்பீக்கர்கள். இரண்டு பட்டுக்குமிழிலும் நட்ட நடுவே, அளந்து வைத்ததுபோல், சந்தனப் பொட்டு! அதற்கு மேலே குங்குமம்!

"வீணைக்கு வைக்கிறம், தையல் மெஷினுக்கும் வைக்கிறம். பாடுற சாமானுக்கு வைக்காமல் விட்டால் சரசுவதி கோவிக்க மாட்டாவோ?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறா. அதுவும் இந்த மூன்று வருசமாகக் கதைக்கிற மாதிரியே, வீடதிர, பெரிய குரலில்.

பயந்துகொண்டு பாட்டைப் போட்டேன். கைத்தாளம் ஒரு துளிகூட இல்லை. இரண்டு ட்வீட்டரும் ஊமை. இங்கே எப்சம் பகுதியில் இருக்கும் கோகுல் என்ற கோயம்புத்தூர்ப் பொடியன், கம்பியூட்டர் வேலை, விளம்பரத்தைப் பார்த்து வாங்க ஆசைப்பட்டு எழுதியிருக்கிறான். அவனுக்கு என்ன சொல்ல? கோபத்தில், "உம்முடைய டிக்கெட்டுக்கு நீரே பொட்டு வைச்சிட்டீர்" என்று கத்திவிட்டேன். இரண்டு நாளாக வீட்டில் கரண்டிச் சத்தம்கூட இல்லை.

வழி இருந்தால் எழுதும்.

அத்தான்

•

ஒஸ்லோ
17.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். கிருசாந்தி நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து, "பொட்டு வைச்சபிறகுதான் லட்சணமா இருக்கு" என்கிறாள்.

வழி இருக்கிறது. அந்தக் குமிழும் சுருளும் சேர்ந்தே பத்து அரிசி மணிப் பாரம்தான், அதனால் பொட்டுச் சுமை தெரியும். ஆனால் காய்ந்த சந்தனம் உதிர்ந்துவிடும். குழந்தையின் கன்னத்தில் பூசுகிற மாதிரி மெல்லிய தூரிகையால் தட்டாமல் வருடுங்கள். மீதிக்குத் தூரிகை நுனியில் ஈரம் காட்டினால் போதும். ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம்.

உதிர்ந்தபிறகு மீட்டரையும் வைத்துப் பாருங்கள். அக்காவையும் பக்கத்தில் இருத்திக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் கேட்டால் பிழை வராது. அக்காவை ஏசவேண்டாம்.

அன்புடன்
கேதீஸ்

•

ஒனிஹங்கா
27.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

பொட்டு முழுக்கப் போய்விட்டது. மூன்று பின்னேரம், மூக்குக்கண்ணாடி இரண்டு போட்டுக்கொண்டு வேலை செய்தேன். மீட்டரில் அதே 5.7, 5.8. பாட்டுப் போட்டேன். ஒன்றுமில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "கைத்தாளம் கேக்குதோ?" என்று கேட்டேன். அவ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. பிறகு, "இல்லை. எனக்கும் கேக்கேல்லை. நான்தான் பழுதாக்கிப் போட்டன்" என்று சொல்லிவிட்டா.

இருநூறு டொலர் என்று விளம்பரத்தை மாற்றிவிட்டேன். ஒஸ்லோ இந்த முறை இல்லை. கம்சாயினியிடம் பக்குவமாகச் சொல்லும்.

அத்தான்

•

ஒஸ்லோ
29.10.2024

அக்காவுக்கு,

நலமா? இதை அத்தானுக்குக் காட்டவேண்டாம்.

மீட்டர் பொய் சொல்லாது. சுருள் உயிரோடு இருக்கிறது, பட்டு கிழியவில்லை, பொட்டும் போய்விட்டது. இரண்டு ட்வீட்டரும் ஒன்றாக ஊமையாக வழியே இல்லை. அதோடு அத்தானின் பழைய கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். நீ பொட்டு வைப்பதற்கு ஏழு கிழமைக்கு முன்பே, 'மேல் சத்தம் கம்பளி போர்த்தின மாதிரி' என்று எழுதியிருக்கிறார்.

உனக்கு உண்மையாகவே கேட்கவில்லையா?

தம்பி
கேதீஸ்

•

ஒனிஹங்கா
20.11.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். பதில் போட மூன்று கிழமை எடுத்ததற்குக் கோவிக்காதே. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

ஓம், எனக்குக் கேட்டது. கைத்தாளம் கோயிலில் நிற்பதுபோல் கேட்டது. கேட்காதது அவருக்குத்தான்.

இரண்டு மூன்று வருசமாகவே இப்படி. புக்கெகோஹியில் அந்த வெங்காயம் தரம் பிரிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருசம் நின்ற காது. கூரையில் இருக்கிற புகை அலாரத்துக்குப் பற்றரி முடிந்து மூன்று நாள் கீச்சிட்டது, அவர் அதற்குக் கீழே இருந்து பேப்பர் வாசித்தார். காரில் சிக்னல் போட்டால் வீடு வரும்வரை அது டிக் டிக்கென்று அடிக்கும். நான்தான் கை நீட்டி நிற்பாட்டுவேன். கோயிலில் எல்லோரும் சிரித்தால் தானும் சிரிப்பார், ஒரு கணம் பிந்தி. பிறகு என்னிடம், "என்ன சொன்னவை?" என்று கேட்கவும் வெட்கப்பட்டு, இப்போது அன்னதானத்துக்கும் நிற்காமல் வந்துவிடுகிறார். முன்பு அந்த மனிசன் வாய் திறந்தால் மண்டபமே அவரைச் சுற்றி நிற்கும்.

போன வருசம் ஒருமுறை காதைக் காட்டுவோமா என்று கேட்டேன். "நான் என்ன கிழவனோ?" என்று இரண்டு நாள் கதைக்கவில்லை. அவர் அந்த ஸ்பீக்கர்களுக்கு முன்னால் முகம் வாடிப்போய் இருந்தபோது எனக்கு வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. பிழை பொட்டில்தான் என்று அவர் நம்பட்டும்.

டிக்கெட் போனால் போகட்டும். அரங்கேற்றத்தை வீடியோவில் பார்க்கிறேன். உன்னைப் பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. நீ அவரிடம் ஒன்றும் சொல்லிவிடாதே, என்மேல் சத்தியம்.

கிருசாந்தியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அக்கா
சரோஜாதேவி

•

ஒஸ்லோ
23.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம், இங்கே பனி கொட்டுகிறது.

ஒரேயொரு வேண்டுகோள். அந்தக் கோகுலை வரச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்கவேண்டாம். சோதிக்கிற கருவி ஃபோனிலேயே இருக்கிறது, அவரே கொண்டுவந்து அவர் முறைப்படி சோதிக்கட்டும். அந்த நேரம் நீங்களும் இருங்கள், அக்காவும் இருக்கட்டும். வேறொன்றும் நான் சொல்வதற்கில்லை.

அன்புடன்
கேதீஸ்

•

ஒனிஹங்கா
19.01.2025

என் அன்பு மச்சானுக்கு,

உமக்கும் வீட்டாருக்கும் தைப்பொங்கல் வாழ்த்துகள். நாங்கள் நலம். இந்த முறை அதைச் சும்மா முறைக்கு எழுதவில்லை.

எட்டுக் கிழமை பதில் போடாததற்கு மன்னியும். உம்மிலும் கோபம், உம்முடைய அக்காவிலும் கோபம், கடைசியில் பார்த்தால் எல்லாம் என்னிலேதான்.

மார்கழி முதல் சனிக்கிழமை கோகுல் வந்தான். மனைவி ஸ்வர்ணாவும், அவள் தோளில் நித்திரையாக ஒரு கைக்குழந்தையும். ஃபோனை ஸ்பீக்கரில் இணைத்துவிட்டு, "அங்கிள், ஒரு டோன் போடுறேன். போகப் போக மேல ஏறும். எப்ப கேக்கலையோ அப்ப எல்லாரும் கையைத் தூக்குங்க" என்றான். எனக்கு விளையாட்டுப்போல் இருந்தது.

சத்தம் ஏறியது. விசில் மாதிரி வந்தது, நூலாக மெலிந்தது, நின்றுவிட்டது. நான் கையைத் தூக்கினேன். கோகுலும் ஸ்வர்ணாவும் தூக்கவில்லை. சரி, பொடியன் இடையிலே நிற்பாட்டிவிட்டானாக்கும் என்று, "ஏன் தம்பி நிப்பாட்டினனீர்? போடுமன்" என்றேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். ஸ்வர்ணா ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். குழந்தை திடுக்கிட்டு எழும்பி வீறிட்டது.

அப்போது உம்முடைய அக்காவைத் திரும்பிப் பார்த்தேன், மச்சான். அவவும் என்னோடு சேர்ந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றா. ஆனால் முகம்! கூர்ச்சத்தம் தாங்காமல் கண்ணைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மட்டும் எனக்குத் துணையாகத் தூக்கி வைத்திருந்தா.

எனக்கு விளங்கிவிட்டது. எல்லாம் ஒரே அடியாக விளங்கிவிட்டது.

"ரெண்டுமே சூப்பரா பாடுது அங்கிள். எதுக்கு இருநூறுன்னு போட்டிருக்கீங்க?" என்று கோகுல் கேட்டான். நல்ல வளர்ப்பு. கண் முன்னால் இருநூறு என்று எழுதி இருந்தும், "இதுக்கு ஆயிரத்து இருநூறு குடுக்கலாம். ஒரு மாசம் டைம் குடுங்க" என்றான். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. தலையாட்டியிருப்பேன்.

அவர்கள் போனபிறகு நான் கத்தவில்லை. கராஜுக்குள் போய் அரை நாள் இருந்தேன். திங்கட்கிழமை காலை நானே போய், "காது காட்டுறதுக்கு ஒரு நாள் எடுத்துத் தாரும்" என்று சரோவிடம் சொன்னேன். அவ ஃபோனை எடுக்க ஓடிய ஓட்டத்தில் நாற்காலி விழுந்தது.

இப்போது இரண்டு காதிலும் பாக்கு அளவில் இரண்டு சாமான். முதல் நாள் வெளியே வந்தால் உலகம் முழுக்க ஒரே இரைச்சல். என் செருப்புச் சத்தம் போடுகிறது. பிளாஸ்டிக் பை சத்தம் போடுகிறது. பின்னேரம் சரோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று, "ஸ்பீக்கரை மலிவு பாத்து வாங்கத் தெரியுது, வெங்காயத்தை அழுகல் பாத்து வாங்கத் தெரியேல்லை" என்று முணுமுணுத்தா. "எத்தினை வெங்காயம் அழுகல்?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டா. மூன்று வருசமாக என் முதுகுக்குப் பின்னால் என்னவெல்லாம் ஓடியிருக்கிறது என்று நினைத்தால், மச்சான், சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது அவவும் கவனமாகத்தான் முணுமுணுக்கிறா.

கோகுல் நேற்று வந்து ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு போனான். போகுமுன் ஒருமுறை போட்டுக் கேட்டேன். கைத்தாளம் இருந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூட இருந்தது. நீர் சொன்னது சரி, அது அருமையான சோடி. வைத்திருக்க மனம் வந்தது, ஆனால் விற்றேன். மீதியைச் சேமிப்பிலிருந்து போட்டு டிக்கெட் எடுத்தாயிற்று, ஒன்றல்ல, இரண்டு. கம்சாயினியிடம் மாமாவும் முன்வரிசையில் இருப்பார் என்று சொல்லும். பயப்படாமல் வாசிக்கட்டும்.

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்றுப் பின்னேரம், வீடு வெறுமையாகக் கிடக்க, இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன்: "சரோ, நான் அவ்வளவு ஏசியும் ஏன் பழியைத் தலையிலை போட்டனீர்? தம்பியைப் பாக்கிறதையும் விட்டனீரே."

அவ கோப்பையைக் கீழே வைத்தா. பிறகு கத்தாமல், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு தன்னுடைய சொந்தக் குரலில் சொன்னா:

"ஏச்செண்டால் நான் ரெண்டு நாளிலை மறந்து போவன். காது போச்செண்டால், நீங்கள் ஆரோடையும் கதைக்காமல் விட்டிடுவியள். பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

எழுத வெட்கமில்லை மச்சான், அழுதேன். அவவின் குரல் இவ்வளவு மெல்லியது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

மற்றவை நேரில். உங்கள் மூவரையும் காண நாளை எண்ணிக்கொண்டு,

அத்தானும் அக்காவும்